மதர்போர்டின் முதுகில் அத்தையின் முட்டி

என் வீட்டுக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. புதுப் பொருள் எது வந்தாலும் அதன் மேல் ஒட்டியிருக்கும் தாளை உரிக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. ஃபிரிட்ஜ் கதவு, ஃபோன், மிக்சி மூடி எல்லாம் அவர் உரித்ததுதான். உரித்துவிட்டுப் போகட்டும், எனக்கென்ன என்று இருந்தேன். அன்றைக்கு என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்.

நான் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிறவள். ஒரு பெரிய ஸ்டுடியோவில் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அன்று நாலு மணிக்கு, அவர்கள் ஆன்லைனில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு காட்சியை எடிட் செய்துகாட்ட வேண்டும். என் கம்ப்யூட்டரோ பத்து நிமிஷத்தில் சூடேறிப் பொசுக்கென்று அணைந்துவிடும். அதற்காகத்தான், உள்ளே மாட்டிச் சூட்டைத் தணிக்கிற ஃபேன் வைத்த புதுக் கூலர் ஒன்று வாங்கினேன். நல்ல கனம். அந்தப் பாரத்தைத் தாங்க, கம்ப்யூட்டரின் தாய்ப்பலகையான மதர்போர்டின் பின்பக்கம் ஓர் இரும்புத் தகட்டை வைத்து, முன்பக்கமிருந்து நாலு ஸ்குரூ போட்டு இறுக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் பெட்டியை மேஜைமேல் நிறுத்தி, இரண்டு பக்கமும் திறந்து, பழைய கூலரைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பினால், தகட்டை ஏந்திக்கொண்டு நிற்கிறார், பல்லெல்லாம் தெரிய.

"பாரு, பளபளன்னு ஆக்கிட்டேன். கறுப்பா ஒரு தாள் ஒட்டியிருந்துச்சு, உரிச்சுட்டேன்."

"ஐயோ, அது கவர் இல்லைங்க! போர்டு பின்னாடி பூரா ஈய முனையா இருக்கு. இரும்பு அதுல பட்டா ஷார்ட் ஆகி போர்டே போயிடும். படாம இருக்கத்தான் அந்தத் தாள்!"

"அதான் உரியவே மாட்டேன்னுச்சு. அப்பவே நினைச்சேன்."

"நினைச்சுட்டுமா உரிச்சீங்க?"

தாள் கிழிந்து, உருண்டையாகி, குப்பைக்கூடையில் கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த வேலையும் கைநழுவினால் காலம் பூரா கல்யாண வீட்டுக் கைகுலுக்கலைத்தான் வெட்டிக்கொண்டிருக்க வேண்டும். மணி மூன்றைத் தாண்டிவிட்டது.

என் சத்தம் கேட்டு மாமியார் பிளாஸ்திரியோடு ஓடிவந்தார்.

"யாருக்குடி அடி?"

"அடி இனிமேதான் அத்தை, உங்க பிள்ளைக்கு. மெல்லிசா, உறுதியா, கரண்ட் பாயாத தாள் ஏதாவது வீட்டுல இருக்கா?"

அத்தை யோசித்தார். "என் முட்டி எக்ஸ்ரே இருக்கு."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் கத்தரிக்கோலை எடுத்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

"டாக்டர் கேட்டா என்ன சொல்றது?" என்று படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, இடது கால வெட்டிக்கோ. வலதுதான் ரொம்ப மோசம், அது இருக்கட்டும்."

தகட்டின் அளவுக்கு வெட்டி, ஸ்குரூ போகிற இடங்களில் ஓட்டை போட்டேன். தகட்டுக்கும் போர்டுக்கும் நடுவே அத்தையின் முட்டி கச்சிதமாக உட்கார்ந்தது. நிற்கத்தான் மாட்டேன் என்றது. பிடித்துக்கொள்ளும் பசையும் அந்தக் கறுப்புத் தாளோடு போயிருந்தது. கையை எடுத்தால் தகடு தடாலென்று விழுந்தது.

"மேஜைக்குப் பின்னாடி போய் உட்காருங்க. தகட்டை அழுத்திப் பிடிங்க. நான் சொல்ற வரைக்கும் கையை எடுத்தீங்க, அவ்வளவுதான்!"

வீட்டுக்காரர் போய் உட்கார்ந்து தகட்டைப் பிடித்துக்கொண்டார். நான் மூலைக்கு மூலை மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக ஸ்குரூக்களை இறுக்கினேன். ஒயரைச் செருகி, சாமியை வேண்டிக்கொண்டு பட்டனை அழுத்தினேன். கூலர் சுற்றியது, திரை வந்தது. சரியாக அப்போது ஸ்டுடியோவிலிருந்து அழைப்பும் வந்தது.

அரை மணி நேரம் வெட்டினேன், ஒட்டினேன். கம்ப்யூட்டர் சூடேறவும் இல்லை, அணையவும் இல்லை. கடைசியில், திரையில் பார்த்துக்கொண்டிருந்த ஸ்டுடியோ அம்மா சிரித்தார்.

"திங்கக்கிழமையே வந்துடுங்க. ஆமா, கம்ப்யூட்டர் இவ்வளவு நல்லா ஓடுதே, யாரு பார்த்துக்கறாங்க?"

"நானேதான் மேடம். தனியாளா!"

"அடிப்பாவி!" என்றது மேஜைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். நான் அவசரமாக வணக்கம் சொல்லி அழைப்பைத் துண்டித்துவிட்டு எட்டிப் பார்த்தேன். வியர்த்து வழிய, மரத்துப்போன கையோடு, மனுஷன் இன்னும் தகட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ஸ்குரூ போட்டதுமே விட்டிருக்கலாமே!"

"நீ சொல்லவே இல்லையே. விட்டுட்டா உன் வேலை போயிடுமோன்னு பயமா இருந்துச்சு."