செங்கமலம் போட்ட கீறல்

ஐந்து பாகத்தில் ஒரு சரித்திர நாவல் எழுதுவேன் என்று பதினோரு வருஷத்துக்கு முன்னால் வாய் விட்டுவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நானும் அந்த ஜாதிதான். நான்கு பாகங்கள் அச்சாகிவிட்டன. ஐந்தாவது பாகம் எட்டு மாதமாக மூன்றாம் அத்தியாயத்திலேயே படுத்துக் கிடந்தது.

ஒற்றை நாவல் எழுதுகிறவன் பாக்கியசாலி. நடுவில் ஏதாவது இடித்தால் முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய்ச் சரிசெய்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல வந்து உட்கார்ந்துகொள்ளலாம். பாகம் பாகமாக எழுதுகிறவனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. முதல் பாகம் நூலகத்துக்குப் போய், யாரோ ஒருவர் அதில் எண்ணெய்க் கையை வைத்த பிறகு அது என் சொத்தே இல்லை. என் கதையில் ஒரு குதிரை இரண்டாம் பாகத்தில் செத்தது, மூன்றாம் பாகத்தில் மறுபடியும் செத்தது. அதற்கு வந்த கடிதங்களை நான் யாரிடமும் காட்டுவதில்லை.

அதற்குப் பிறகுதான் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் யாருக்கு என்ன வயது, யார் எப்போது செத்தார்கள் என்று எழுதி வீட்டுச் சுவர் முழுக்க ஒட்டினேன். "வெள்ளையடிக்க ஆள் வருது, உங்க பொணத்தையெல்லாம் எப்ப எறக்கப் போறீங்க?" என்று என் மனைவி மகாலட்சுமி கேட்கிறாள்.

நாவல் சோறு போடாது. சோற்றுக்கு, செஞ்சி தாலுகா ஆபீசுக்கு வெளியே மடக்கு மேசை போட்டு மனு எழுதுகிறேன். இருபத்தாறு வருஷமாக அதே குடை, அதே காம்பவுண்டுச் சுவர். பட்டா, சாதிச் சான்று, வாரிசுச் சான்று, எதுவானாலும் தங்கராசு எழுதினால் அதிகாரி மனசு கரையும் என்று எனக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேரில் எனக்கு ரொம்பப் பெருமையும் உண்டு.

இந்த ஜூன் மாதம் ஜமாபந்தி நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு நாளும் சில கிராமங்களின் கணக்கைப் பார்த்து, அந்த ஊர் ஜனங்களிடம் மனு வாங்குவார்கள். எங்களுக்கு அது கல்யாண சீசன் மாதிரி. அந்தச் சமயம் பார்த்துத்தான் என் பதிப்பாளர் பிரசாந்த், நான்கு பாகங்களையும் சேர்த்து மறுபதிப்பு போடப்போவதாகச் சொல்லி, திருத்தம் பார்க்கத் தாள்களை அனுப்பியிருந்தார்.

முதல் பாகம், நாற்பத்தொன்றாம் பக்கம். அங்கேதான் இடி விழுந்தது. செஞ்சிக் கோட்டைக் காவலர்களுக்கு மோர் விற்கிற செங்கமலம்தான் என் கதாநாயகி. அந்தப் பக்கத்தில் அவளுக்கு ஓர் ஓலையில் கையெழுத்துப் போட வேண்டி வருகிறது. எழுதத் தெரியாததால் ஒரு கீறல் மட்டும் போடுகிறாள். ஒரே வரி. பதினோரு வருஷத்தில் அடியோடு மறந்துவிட்டேன். நான்காம் பாகமோ அவள் எழுதி வைத்துவிட்டுச் செத்துப்போன ஓலையில்தான் முடிகிறது. 'எதிரிக்குக் கதவைத் திறந்துவிட்டவன் முத்துவீரன், என் கண்ணால் பார்த்தேன்' என்கிற ஓலை. அதைச் சபையில் படிக்கிறார்கள். நல்லவன் என்று எல்லோரும் நம்பியிருந்த காவலன் முத்துவீரனுக்குச் சங்கிலி பூட்டுகிறார்கள். எழுதத் தெரியாதவள் எப்படி ஓலை எழுதினாள்?

பிரசாந்துக்குப் போன் போட்டு அழாத குறையாகச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"இவ்ளோதானா சார்? முதல் பாகம்தான் மறுபடி அச்சுக்குப் போகுதே, அந்த வரியைத் தூக்கிடலாம். யாருக்குத் தெரியப் போகுது? நாளைக்கு மூணு மணிக்கு பிரஸ்ஸுக்கு அனுப்பணும், அதுக்குள்ள சொல்லுங்க."

மறுநாள் காலையில் கடையை விரித்ததுமே 'தூக்கிடுங்க' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். பாரம் இறங்கியதுபோல இருந்தது. ஆனால் ஐந்தாம் பாகம் மட்டும் நகரவில்லை. முத்துவீரன் துரோகி என்று ஆனபின் அவனைத் தூக்கில் போடுவதைத் தவிர என்ன கதை மிச்சமிருக்கிறது?

அன்று மத்தியானம் வரிசையில் கடைசியாக மண்டகப்பட்டு நாகம்மாள் வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் செத்து ஆறு வருஷம், குடியிருக்கிற மனைக்குத் தன் பேரில் பட்டா வேண்டும், ஒரே மகள் வித்யாஸ்ரீ காலேஜில் படிக்கிறாள். கேட்டுக்கொண்டே வழக்கம்போல நாலு நிமிஷத்தில் மனுவை எழுதி முடித்தேன். கைநாட்டு வைக்க மைப்பெட்டியை எடுத்தபோது, அவள் என் மேசையிலிருந்த முதல் பாகத்தின் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையில் மோர்ப் பானையோடு ஒரு பெண் மலை ஏறுகிற படம்.

"ஐய, செங்கமலம்!" என்றாள். "இன்னாண்ணா, நீயும் இந்தக் கதை படிக்கிறியா?"

நான்தான் எழுதினேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. கூச்சமாக இருந்தது. "படிப்பேன்" என்று மட்டும் சொன்னேன். "உங்களுக்குப் படிக்கத் தெரியுமாம்மா?"

"எனக்கு எங்க தெரியுது? சாயந்தரம் மல்லாட்டை உரிக்கிறப்ப எம் பொண்ணு படிக்கும், நான் கேப்பேன். நாலு புக்கும் ஆச்சு. ரெண்டு வாட்டி." எங்கள் பக்கத்தில் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பேர்.

சும்மா சீண்டிப் பார்க்கலாம் என்று நினைத்து, செங்கமலம் எந்த வாசலில் மோர் விற்பாள் என்று கேட்டேன். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. மூன்றாவது வாசல், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். இஞ்சி தட்டிப்போட்ட மோர். முத்துவீரனுக்கு இடது காது மந்தம், அதனால் அவள் அவனுக்கு வலப்பக்கம்தான் நிற்பாள். பிள்ளை செத்த கிழமை என்பதால் சனிக்கிழமை மட்டும் மலை ஏறமாட்டாள். குதிரை இரண்டு தடவை செத்ததையும் சொல்லி, "எழுதுனவரு தூங்கிட்டாரு" என்று சிரித்தாள்.

என் வீட்டுச் சுவரில் நாற்பது தாள் ஒட்டியிருக்கிறேன். அதில் பாதி இவள் சொன்னவற்றில் இல்லை என்றால் பரவாயில்லை. இவள் சொன்னவற்றில் பாதி என் சுவரில் இல்லை. ஓர் எழுத்துக்கூட வாசிக்கத் தெரியாத பெண்ணின் தலைக்குள் என் ஆயிரத்தறுநூறு பக்கமும் ஒரு பிசிறில்லாமல் நின்றுகொண்டிருந்தது. பிரமித்துப்போய் பேனாவைக்கூட மூடாமல் உட்கார்ந்திருந்தேன்.

"எனக்கு எப்ப அவளப் புடிச்சுதுன்னு தெரியுமாண்ணா? ஓலையில கீறல் போட்டாளே, அப்பத்தான். கதைன்னா ராணிங்கதான் வருவாங்க. இவ நம்மள மாதிரி. எம் பொண்ண அந்த எடத்தத் திரும்பப் படிக்கச் சொன்னேன்."

நான் மணியைப் பார்த்தேன். அந்த வரியைத் தூக்கச் சொல்லி நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. ஆனாலும் விடாமல் கேட்டேன்.

"அப்படின்னா நாலாவது பாகத்துல ஓலை எப்படிம்மா எழுதினா? அது எழுதினவரோட தப்புதானே?"

நாகம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன்.

"இன்னாண்ணா நீ, மனு எழுதுற ஆளு இப்டி கேக்குற? யாரையாச்சும் வெச்சு எழுதியிருப்பா. நான் இப்ப ஒங்கிட்ட வரல? ரெண்டாவது புக்குல சொத்தப் பல்லோட ஒரு கணக்குப்புள்ள வந்தானே, சோலையப்பன். கோட்டைக்குள்ள ஏழை பாழைக்கு ஓலை எழுதுறவன் அவன் ஒருத்தன்தான். அவன்தான் எழுதியிருப்பான். ஆனா ஒண்ணு. எழுதுனத அவளுக்குப் படிச்சுக் காட்டுனானா?"

"ஏன்?"

"காட்டியிருக்க மாட்டான். அவ சொன்னது ஒரு பேரு, அவன் எழுதுனது ஒரு பேரு. கதவு தொறந்தது சனிக்கிழமண்ணா. அன்னிக்கு அவ மலையிலயே இல்ல. கண்ணால பாத்தேன்னு எப்டி சொல்லுவா? முத்துவீரன் தொறக்கல. நான் மொதல்லேந்தே நம்பல. அஞ்சாவது புக்கு வரட்டும், பாரு."

சனிக்கிழமை என்று நான் எழுதியது சும்மா வாய்க்கு வந்த கிழமை. சோலையப்பனை இரண்டு பக்கத்துக்கு வரவழைத்துவிட்டு மறந்தே போனேன். எங்கெங்கோ நான் போட்டுவிட்டு வந்த கல்லையெல்லாம் இவள் மல்லாட்டை உரித்துக்கொண்டே எடுத்து அடுக்கி, ஒரு மாளிகையே கட்டி வைத்திருக்கிறாள். எதிரே தெரிகிற கோட்டைச் சுவரையும் இப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். குறுக்கே வந்த பாறையை உடைக்காமல், பாறையையே சுவராக வைத்துக்கொண்டு மேலே கட்டிப் போயிருக்கிறார்கள். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், எனக்குத்தான் உறைக்கவில்லை. அந்த நிமிஷம் அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம்போல இருந்தது.

மணி இரண்டு ஐம்பது. போனை எடுத்து பிரசாந்தைக் கூப்பிட்டேன். இரண்டு தடவை பிஸி. மூன்றாவது தடவை எடுத்தார்.

"அந்த வரியைத் தூக்காதீங்க" என்று கத்தினேன். "கீறல் இருக்கணும். கீறல்லதான் கதையே இருக்குது!"

"சார், ஃபைல் இப்பதான் போகுது... இருங்க, இருங்க." கொஞ்ச நேரம் அவர் யாரிடமோ பேசுகிற சத்தம் மட்டும் கேட்டது. "நிறுத்திட்டேன் சார். பழையபடியே போட்டுடறேன். ஆனா இன்னொரு வாட்டி இந்த மாதிரி டென்ஷன் குடுக்காதீங்க."

நாகம்மாள் வாயில் கைவைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு விளங்கிவிட்டது. "அப்ப அந்தக் குதிரைய ரெண்டு தபா கொன்னது நீதானா?" என்றாள்.

"நான்தாம்மா" என்று சிரித்தேன். வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததில்லை. இவளுக்கு எழுதிய மனுவுக்குக் காசு வாங்கக்கூடாது என்று முடிவு செய்து, மைப்பெட்டியைத் திறந்து மனுவை அவள் பக்கம் நகர்த்தினேன்.

அவள் விரலை நீட்டவில்லை.

"படிச்சுக் காட்டுண்ணா."

இருபத்தாறு வருஷத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கூட்டம், அவசரம், என் பேர் மேல் ஒரு நம்பிக்கை. நானாகவும் காட்டியதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தேன்.

"'கணவரை இழந்து, நாதியின்றி, அன்றாடம் கஞ்சிக்கும் வழியின்றித் தவிக்கும் அபலையாகிய நான்...'"

"இது யாரு?" என்றாள்.

"நீங்கதாம்மா."

"நான் அப்டி சொல்லலியே." குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். "கஞ்சிக்கு வழியில்லாமயா பொண்ண காலேஜு படிக்க வெக்கிறேன்? நாதியில்லன்னு எப்பச் சொன்னேன்? எம் பொண்ணு எனக்கு நாதிதான்."

"அப்படி எழுதினாத்தாம்மா அவங்க மனசு எரங்கும். எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுறது."

"எரங்க வேணாம். அந்த மனையில எங்க மாமியா காலத்திலேந்து குடியிருக்கிறோம். அது எங்களுது. அத மட்டும் எழுது."

இந்த மேசையில் எத்தனை ஆயிரம் பேர் என்னிடம் வாயால் ஒன்று சொல்லிவிட்டு, நான் எழுதிய வேறொன்றுக்குக் கீழே விரல் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள்? நான் கெடுதல் நினைத்து எழுதவில்லை. சோலையப்பன்கூட அப்படித்தான் சொல்லுவான்.

மனுவைக் கிழித்துப் போட்டேன். அவள் சொல்லச் சொல்ல, சொன்னதை மட்டும் எழுதினேன். ஏழே வரிதான் வந்தது. படித்துக் காட்டினேன். "ம், இது நான்" என்று சொல்லி விரல் பதித்துவிட்டு, ஆபீஸ் கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

அன்று சாயந்தரமே ஐந்தாம் பாகத்தின் மூன்று அத்தியாயங்களையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்தத் தடவை கதையைச் சொல்கிறவன் கணக்குப்பிள்ளை சோலையப்பன். முதல் வரிக்காக நான் யோசிக்கவே இல்லை: 'அவள் சொன்னதை நான் எழுதவில்லை; எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டவும் இல்லை.' அதைச் சத்தமாகப் படித்துப் பார்த்தேன்.

அடுப்படியிலிருந்து மகாலட்சுமி எட்டிப் பார்த்து, "யாரத் திட்டறீங்க?" என்று கேட்டாள்.

"என்னைத்தான்" என்றேன்.