வெட்டக் கூடாத கன்று

எங்கள் தோட்டத்தில் மருந்து வேலை பார்த்த லூயிஸ் டிரசர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் ஒரு வேலையைச் சொன்னால் ஏன், எதற்கு என்று சொல்லமாட்டார். சொன்னால் மரியாதையில் ஒரு முழம் குறைந்துவிடும் என்று அவருக்கு நினைப்பு. அந்தக் குணம் கடைசியில் முத்தம்மா தலையில்தான் விடிந்தது. இதை நான் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். நான் லயம் என்கிற கூலிவீட்டு வரிசையில் முத்தம்மாவுக்கு அடுத்த அறையான காம்பராவில் இருந்தவள், அவளோடு ஒரே நிரையில் ரப்பர்ப் பால் வெட்டியவள். எனக்குச் சொல்ல உரிமை உண்டு.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து நாலாம் வருஷம். மலாயாவில் ஈப்போவிலிருந்து காம்பார் போகிற சாலையில், எங்கள் ரப்பர் தோட்டத்தின் கடைக்கோடியில், அம்மைப்பால் கொட்டகை ஒன்று இருந்தது. பெரியம்மை வராமல் கையில் குத்துகிற மருந்து அங்கேதான் தயாரானது. கன்றுக்குட்டியின் வயிற்றைச் சிரைத்து, கீறி, அம்மை விதையைத் தடவுவார்கள். கொப்புளம் எழும்பியதும் சுரண்டி, கிளிசரின் விட்டு அரைத்து, மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் அடைத்துத் தோட்டம் தோட்டமாக அனுப்புவார்கள். அதெல்லாம் டிரசர் பாடு.

மிச்சம் முத்தம்மா புருஷன் பத்துமலை அண்ணன் பாடு. கன்றின் உடல், அது படுத்த வைக்கோல், போட்ட சாணி, துடைத்த துணி எல்லாம் செங்கல் சூளையில் சாம்பலாக வேண்டும். கழுவின தண்ணீர்கூடக் கொப்பரையில் தளதளவென்று கொதித்த பிறகுதான் வாய்க்காலுக்குப் போகலாம். அம்மை முத்து வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக இவ்வளவும் என்று நாங்களாகவே புரிந்துகொண்டிருந்தோம். அண்ணன் ஒவ்வொரு கன்றுக்கும் மஞ்சள் தண்ணீர் தெளித்து, காலைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் சூளைக்குள் தள்ளுவார்.

"மாரியாத்தா எறங்குன ஒடம்புலா. சும்மா தூக்கிப் போட முடியுமா?" என்பார்.

அவர் பறையடிப்பவர். அவரும் உடையப்பனும் ஜோடி. சாவோ திருவிழாவோ, இரண்டு பேரும் முன்னால் நடந்தால்தான் எங்களுக்குக் காலே நகரும். அந்த வருஷம் மாரியம்மன் திருவிழா நெருங்குகிற நேரம் பார்த்து அண்ணனின் பறைத் தோல் கிழிந்தது. ஈப்போ கசாப்புக் கடையில் கிடைப்பது கிழட்டு மாட்டுத் தோல். அதைக் கட்டினால் பலகையைத் தட்டுகிற மாதிரி இருக்கும். பறைக்குக் கன்றுத் தோல் வேண்டும். கொட்டகையில் கன்றுக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் அவை எல்லாம் வயிறு புண்ணாகி, அம்மை முத்தோடு சூளைக்கு வருபவை. அண்ணன் அவற்றைத் தொட்டதே இல்லை. அந்த விஷயத்தில் அவர் கண்டிப்பான ஆள்.

அப்போதுதான் புதிதாக வந்த கன்று ஒன்று விடிவதற்குள் செத்துக் கிடந்தது. முந்தின நாள் நன்றாக மேய்ந்த கன்று. அதற்கு இன்னும் வயிறு சிரைக்கவில்லை, விதையும் போடவில்லை. டிரசர் குனிந்து பார்த்தார். முகம் மாறியது. காதிலிருந்து ஒரு சொட்டு ரத்தத்தை எடுத்துக் கண்ணாடியில் தடவி, காகிதத்தில் சுற்றிக்கொண்டார்.

"பத்துமலை, இதுல கத்தி படக் கூடாது. முழுசா சூளைக்குள்ள போடு. வைக்கோலையும் சேத்துக் கொளுத்து. தரையில சுண்ணாம்பு கொட்டு."

"இதுக்கு இன்னும் விதையே போடலீங்களேய்யா?"

"சொன்னதச் செய்."

அவ்வளவுதான். தைப்பிங்கில் பெரிய டாக்டரிடம் காட்ட ரயிலேறிவிட்டார்.

அண்ணன் கன்றைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றாராம். எரிப்பது அம்மை முத்துக்காக. இந்தக் கன்றில் முத்து இல்லை. விதை போடுமுன்னே ஆத்தா எடுத்துக்கொண்டாள், அவள் திருவிழாவுக்குத் தோல் இல்லாத நேரம் பார்த்து எடுத்துக்கொண்டாள். இப்படித்தான் அவர் கணக்குப் போட்டார். காரணம் சொல்லாமல் விட்டால் மனிதன் தானே ஒரு காரணத்தைச் செய்துகொள்வான். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

சூளைக்குப் பின்னால் வைத்துத் தோலை உரித்தார். கத்தி நழுவி முழங்கைக்குக் கீழே லேசாகக் கீறியது. மற்றதையெல்லாம் ஒன்று விடாமல் எரித்தார், சுண்ணாம்பும் கொட்டினார். வீட்டில் முத்தம்மா புளியங்கொட்டைப் பசை காய்ச்சினாள். உடையப்பன் ஒரு பக்கம் பிடித்து இழுக்க, அண்ணன் பறைக் கட்டையில் தோலை ஒட்டினார். காய்ந்ததும் ஒரு தட்டு தட்டினார். லயமே திரும்பிப் பார்த்தது. அப்படி ஒரு நாதம். எனக்கு உடம்பு சிலிர்த்துப் போனது.

அண்ணன் கையில் கீறின இடத்தில் கொப்புளம் ஒன்று எழும்பியது. நடுவில் கரித்துண்டு வைத்ததுபோல் கறுத்திருந்தது. சுற்றிலும் வீக்கம். ஆனால் வலி இல்லை.

"டிரசரய்யா வந்ததும் காட்டுங்களேன்" என்றாள் முத்தம்மா.

"வலிக்காத புண்ணுக்கு என்னா மருந்து? பூச்சி ஏதாச்சும் கடிச்சிருக்கும், விடுலா."

கொடியேற்றத்தன்று சாயங்காலம் பறையை அம்மன் காலடியில் வைத்துப் பூசை போட்டார்கள். அண்ணன் எடுத்து அனலில் காட்டி, அடிக்க ஆரம்பித்தார். பிள்ளைகள் சுற்றி நின்று குதித்தன. தைப்பிங்கிலிருந்து அன்றுதான் திரும்பியிருந்த டிரசருக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்கிறது. தொப்பிகூட இல்லாமல் ஓடிவந்தார்.

"நிறுத்து! புதுத் தோலா? எங்க வாங்கின?"

அண்ணன் பறையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். டிரசர் அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பார்த்ததும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"அது அடைப்பான் வந்து செத்த கன்னு, பத்துமலை."

அடைப்பான் என்றால் எங்களுக்குத் தெரியும். கப்பலேறி வந்தவர்கள் எல்லோரும் ஊரில் அதைப் பார்த்தவர்கள். பட்டியையே காலி செய்கிற நோய். செத்த மாட்டை உரிப்பவனையும் சேர்த்துக் கொண்டுபோகும். தோட்டத்தில் பிறந்த பத்துமலை அண்ணன் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பெயரைக் கேட்டுத்தான் வளர்ந்தார். உடையப்பன் கையிலிருந்த குச்சி கீழே விழுந்தது.

"தோல்லயும் அது உசுரோட இருக்கும். ஒவ்வொரு அடிக்கும் தூசி பறக்கும். இந்தப் பிள்ளைங்க மூச்சுல போகும். இத எரிச்சாகணும்" என்றார் டிரசர்.

ஆட்களை வேலை வாங்குகிற கங்காணிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆத்தா காலுல வச்சு எடுத்தது. அத நெருப்புல போட எவன் கைய நீட்டுவான்?"

யாரும் நீட்டவில்லை. அண்ணன்தான் பிள்ளைகளைத் தள்ளிப் போகச் சொன்னார்.

"நாந்தான் கொண்டாந்தேன். நானே கொண்டுபோறேன். யாரும் கிட்ட வராதீங்க."

வீங்கின கையில் பறையை இடுக்கிக்கொண்டு சூளைக்கு நடந்தார். நாங்கள் தள்ளியே போனோம். அடிக்குமுன் அனலில் காட்டுவாரே, அதேபோலச் சூளை வாயில் ஒருமுறை காட்டினார். குச்சியைத் தூக்கினார். பிறகு என்ன நினைத்தாரோ, அடிக்காமலே பறையையும் குச்சியையும் உள்ளே விட்டுவிட்டார். முத்தம்மா என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அன்றே அவரை ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டிரசர் கூடவே போய்விட்டுத் திரும்பினார். உடையப்பனுக்கும் முத்தம்மாவுக்கும் கைகாலில் கொப்புளம் எழும்புகிறதா என்று தினமும் பார்த்தார். பசைச் சட்டியை உடைத்துச் சூளையில் போட்டார், காம்பராவைத் தானே கழுவினார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். வேறு யாருக்கும் அந்த நோய் வரவில்லை. திருவிழா பறை இல்லாமல் வெறும் மணியோசையோடு முடிந்தது. அண்ணனுக்கு வீக்கம் கழுத்துவரை ஏறி, மூச்சு அடைத்து, உயிர் போனது.

உடலைக் கொண்டுவந்தார்கள். எங்களில் புதைப்பதுதான் வழக்கம். குழி வெட்ட ஆள் கிளம்பும்போது டிரசர் முத்தம்மா முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தார். இந்த முறை எல்லாவற்றையும் சொன்னார். புதைத்தால் அந்த விஷம் மண்ணுக்குள் வருஷக்கணக்கில் சாகாமல் கிடக்கும் என்றார். மழை அதை மேலே கொண்டுவரும், இடுகாட்டில் மேய்கிற மாடுகளுக்கு வரும், மாட்டிலிருந்து மனிதர்களுக்கு வரும் என்றார். கட்டை அடுக்கி எரிக்கத்தான் வேண்டும், உடலைக் குளிப்பாட்டவும் கூடாது என்றார்.

முத்தம்மா கடைசிவரை கேட்டாள்.

"இவ்வளவு வெளக்கமா பேசத் தெரியுதுல்ல உங்களுக்கு" என்றாள். "அன்னைக்கு ஒரு வார்த்த, அடைப்பான்னு சொல்லியிருக்கலாமேய்யா. எங்களுக்கு அது தெரியாதா? அவரு கத்தியவே எடுத்திருக்க மாட்டாரே."

டிரசர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"போங்க. கட்டய அடுக்கச் சொல்லுங்க" என்றாள்.

பாடையைத் தூக்கினார்கள். யாரும் நகரவில்லை. முன்னால் சத்தம் எழும்பும் என்று கால்கள் பழக்கத்தில் காத்து நின்றன. பிறகு உடையப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். ஜோடியில் தான் எப்போதும் நிற்கிற இடப்பக்கமாகவே நின்றான். வலப்பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு, தன் பறையையும் எடுக்காமல், வெறுங்கையோடு நடக்க ஆரம்பித்தான்.