முள் ஏறாத கார்டுகள்

மீட்டரில் முள் பாதிக்கு மேல் ஏறவில்லை. ஜரினா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் முடித்துக் கொடுத்த ஐந்து கார்டுகளில் அது நான்காவது. முதல் மூன்றும் இதேபோலச் சிவப்புக் கோட்டுக்குக் கீழேயே நின்றுவிட்டன.

"அண்ணே, முள்ளு உறங்குதா, இல்ல நாந்தான் உறங்கிட்டே வேல பாத்தேனா?" என்றாள்.

"பாம்பேக்காரரு முள்ளுல்லா. மத்தியானம் சாப்பிட்டா அதுக்கும் கண்ணக் கட்டும்" என்றாள் முதல் மேசை கோமதித்தாய். பெண்கள் சிரித்தார்கள். ஜரினாவும் சிரித்தாள். நான் கார்டைக் கழற்றி, தேறாதவை கிடக்கும் இடதுபக்கத் தட்டில் வைத்தேன்.

அது எண்பத்தெட்டாம் வருஷம். சங்கரன்கோவிலில் இரண்டு தறிக்கூடங்களுக்கு நடுவே இருந்தது துரைப்பாண்டி அண்ணாச்சியின் கொட்டகை. பெங்களூர்க் கம்பெனி ஒன்று பாகங்களை அனுப்பும். ஐந்து பெண்கள் ஈயம் வைத்துக் கார்டாக்கித் தருவார்கள். கார்டின் மூலையில் பட்டாணி அளவில் ஒரு விளக்கு. டெலிபோன் பேச்சை அது வெளிச்சமாக மாற்றி, தலைமுடி கனத்துக் கண்ணாடி இழைக்குள் அனுப்பும். அடுத்த ஊரில் இன்னொரு கார்டு அதை வாங்கிப் பேச்சாக்கும். அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் டெஸ்டர் வேண்டியிருந்தது.

டெஸ்டரைச் செய்தவன் நான். பம்பாயில் மூன்று வருஷம் இருந்தபோது, எஞ்சினியராக இருக்கிறேன் என்று அம்மாவுக்கு எழுதியிருந்தேன். கரிவலம்வந்தநல்லூர் முழுக்க அவள் அதைச் சொல்லிவைத்திருந்தாள். உண்மையில் ஒரு கடையின் பின்கட்டில் உட்கார்ந்து, டேப் ரெக்கார்டர்களின் ஹெட்டில் படிந்த அழுக்கை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். மஞ்சள்காமாலையோடு ஊர் திரும்பியவனை அண்ணாச்சி கூப்பிட்டு, "படம் போட்டுக் குடுத்திருக்கான்வே. நீரு எஞ்சினியரு, பாத்துச் செஞ்சிரும்" என்று ஆறு தாள்களை நீட்டினார். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாதி புரியாத இங்கிலீஷை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் மல்லுக்கட்டினேன். பழைய டேப் ரெக்கார்டரின் மீட்டர், வெளிச்சத்தை வாங்கப் பெங்களூர்க்காரன் தந்த ரிசீவர், கைநீளக் கண்ணாடி இழை. இழையின் ஒரு முனை பெட்டிக்குள் இருக்கும். மறுமுனையை ஒவ்வொரு கார்டிலும் சொருகிப் பார்க்க வேண்டும். முதல்முறை முள் ஏறியபோது கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதேன். கோமதித்தாயின் நகப்பாலிஷை வாங்கிச் சிவப்புக் கோடு போட்டேன்.

தினமும் காலையில் டெஸ்டரை இழை முனைவரை துண்டால் முழுக்கத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துத்தான் தொடங்குவேன். முதல் மேசையிலிருந்து வரிசையாகப் பார்ப்பேன். ஜரினா கடைசி மேசை. அவள் கார்டு என் கைக்கு வரும்போது மணி நாலு தாண்டிவிடும்.

இரண்டு வாரத்தில் அவளுடையவை முப்பத்தொன்று தேறவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஈயம் முத்து முத்தாக நின்றது. ஆனாலும் என் கண்ணைவிட மிஷினை நம்பினேன். அது நான் செய்தது.

'கை சரியில்லாத பிள்ளையை நிறுத்திவிட்டோம்' என்று அண்ணாச்சி பெங்களூருக்கு எழுதிப் போட்டார். ஜரினா புளியங்குடிக்காரி. அவள் தெருவிலிருந்து இப்படி பஸ் ஏறி வேலைக்கு வந்த முதல் பெண். போகும்போது தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்து, நீர் வடியும்வரை நின்றுவிட்டுப் போனாள். இனி உம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்ற வேண்டியதுதான்.

அடுத்த திங்கட்கிழமை காலை, பூசை முடிந்த கையோடு, அந்த முப்பத்தொன்றில் எந்த விளக்கு செத்தது என்று பார்க்க ஒன்றைச் சொருகினேன். முள் கோட்டைத் தாண்டியது. அடுத்ததும் தாண்டியது. நடுவில் ஒருமுறைகூட இழையைத் துடைக்கத் தோன்றவில்லை, அதிசயம் பார்ப்பவன்போலச் சொருகிக்கொண்டே இருந்தேன். இருபதுக்கு மேல், தினமும் ஜரினாவின் முறை வரும் எண்ணிக்கையில், முள் தளர்ந்தது. அப்போதுதான் இழையின் முனையை லென்ஸுக்கடியில் வைத்தேன். பஞ்சு. தறிக்கூடத்திலிருந்து பறந்து வரும் வெள்ளைப் பஞ்சுத்தூசி, ஒவ்வொரு முறை கழற்றும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக வந்து அடைந்திருந்தது. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். முள் துள்ளி ஏறியது. பம்பாயில் மூன்று வருஷம் நான் செய்தது இந்த ஒரு வேலையைத்தான்.

அண்ணாச்சியிடம் போய், "டெஸ்டர்லதான் அண்ணாச்சி தப்பு. அந்தப் பிள்ள மேல இல்ல" என்றேன்.

"தொடச்சிட்டீரா?"

"தொடச்சிட்டேன்."

"அப்ப சரியாப் போச்சுல்லா."

"அவளத் திரும்பக் கூப்பிடணும்."

"கூப்பிட்டா, ஏன் கூப்பிட்டன்னு கம்பெனிக்காரன் கேப்பான். மிஷின் செஞ்சது யாருன்னு கேப்பான். நான் உம்மக் கை காட்டுவேன். அவன் கார்டு அனுப்புறத நிறுத்திட்டா மிச்சம் நாலு பிள்ளைகளும் வீட்டுக்குத்தான் போவணும். சொல்லணும்னா சொல்லும்வே. நான் தடுக்கல." எழுந்து போய் அந்தக் கார்டுகளை அவரே அள்ளி வலதுபக்கத் தட்டில் அடுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை புளியங்குடிக்கு பஸ் ஏறினேன். அவளிடமாவது சொல்லிவிட வேண்டும். என்ன சொல்வது என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

"வாங்கண்ணே. நானே வரணும்னு இருந்தேன்" என்றாள் ஜரினா. பீடித்தட்டைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஒரு பழைய ரேடியோவின் வயிற்றைத் திறந்துவைத்திருந்தாள். பக்கத்தில் யாரிடமோ இரவல் வாங்கிய ஈயம் வைக்கும் கோல் சூடாகிக்கொண்டிருந்தது.

கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல் வந்தது. "நீங்களாவது சொல்லுங்க தம்பி. சோறு தண்ணி இல்லாம இதையே குத்திக்கிட்டு இருக்கா. இவ கையி சரியில்லன்னு பெங்களூருக்கே எழுதிட்டாவளாம்லா."

"சும்மா இரும்மா" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "ராஜபாளையத்துல ஒரு டிவி கடையில ஆளு கேக்காவண்ணே. அங்கயும் போயி இதே தப்பப் பண்ணிரக் கூடாதுல்லா. எங்கன தப்பு வருதுன்னு மட்டும் காட்டுங்க. திருத்திக்கிடுதேன்."

ரேடியோவை என் பக்கம் தள்ளினாள். குனிந்து பார்த்தேன். என்னால் அப்படி ஈயம் வைக்க முடியாது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்தது நாக்கு வரைக்கும் வந்தது. சொன்னால் அடுத்து அவள் என் முகத்தைப் பார்ப்பாள். என் விரல் நீண்டு ஓர் இடத்தைத் தொட்டது.

"இங்கன... ஈயம் கொஞ்சம் கூடிப் போச்சு."

அவள் கண்ணை இடுக்கிக்கொண்டு கிட்டத்தில் பார்த்தாள். "ஆமாண்ணே. எனக்கும் தோணத்தான் செஞ்சுது" என்றாள்.

கோலை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள். புகை எழுந்தது. முத்துப்போல் நின்றிருந்த ஈயம் கலங்கி, இளகி, பக்கத்துக் கம்பியோடு போய் ஒட்டிக்கொண்டது. ஜரினா மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைப் பிரித்தெடுக்கப் பார்த்தாள்.