ரென்சோவின் வாயில் லிகாயாவின் குரல்

குபாவோ நகர்ப்பகுதியில் எங்கள் ராக் குழுவுக்குப் பதினோரு வருஷமாக லிகாயாதான் பாடகி. நான் டிரம்ஸ். கீபோர்டு வாசித்த அர்மின் அவளோடு ஆறு வருஷம் ஒரே வீட்டில் வாழ்ந்தான். பிறகு, "அம்மா பேரப்பிள்ளை கேக்குறாங்க" என்று சொல்லிவிட்டுப் போய் ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டான். சினிமா டைரக்டரும் ஆனான்.

போன மழைக்காலத்தில் எங்கள் ஒத்திகை அறைக்கு வந்து நின்றான். ஒரு திருநங்கைப் பாடகியின் கதையை ராக் பாட்டுகளோடு படமாக எடுக்கிறானாம். கதாநாயகி வேஷம் ரென்சோ என்ற ஆண் நட்சத்திரத்துக்கு. அவனுக்குப் பாட்டு சுத்தமாக வராது.

"நீ பாடிக் குடு, லிகா."

அவள் கதைப் பிரதியை வாங்கிப் புரட்டினாள். பிரிந்த அன்று அவள் கதறிய வார்த்தைகள் அப்படியே அதில் இருந்தன. கடைசிப் பக்கத்தில் கதாநாயகி பாலத்திலிருந்து ஆற்றில் குதிக்கிறாள்.

"நான்தான் குத்துக்கல்லாட்டம் நிக்கிறேனே. எதுக்குடா என்னைக் கொன்ன?"

"அப்பத்தானே ஜனங்க அழுவாங்க."

"நீ ஓடிப்போனதைக் காட்டு, காறித் துப்புவாங்க," என்றேன்.

"நீங்க சும்மா இருங்க, டோலிக்கா."

வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அவள் கேட்கவில்லை. "திரையில என் பேரு வரணும்."

"சத்தியமா வரும்."

ஒலிப்பதிவுக் கூடத்தில் பிரிவுப் பாட்டை அவள் பாடி முடித்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அர்மின் அழுதான். "இன்னும் என்மேல அவனுக்கு ஏதோ இருக்குக்கா," என்றாள், திரும்பி வரும்போது.

படம் வெளியான அன்று முதல் காட்சியில் அரங்கமே விம்மியது. கடைசியில் திரையில் பெயர்கள் ஓடின. பாடியவர்: லிசாண்ட்ரோ மனன்சாலா. அவளுடைய அப்பா வைத்த பெயர். இருபது வருஷமாக யாரும் கூப்பிடாத பெயர்.

வாசலில் அர்மினைப் பிடித்தாள். "யாருடா அது?"

"அடையாளக் கார்டுல உள்ள பேரைத்தான் போடணும்னாங்க. நான் என்ன செய்ய?"

"ஆறு வருஷம் எந்தப் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட்ட?"

அவன் மனைவி நின்ற பக்கம் பார்த்துக்கொண்டான். "மெதுவா பேசு."

அவள் முகம் கழுவப் பெண்கள் கழிப்பறைக்குப் போனாள். படம் பார்த்து அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் குறுக்கே கை நீட்டினாள்: "ஆம்பளைங்களுக்கு அந்தப் பக்கம்."

துணிச்சலான நடிப்பு என்று ரென்சோவுக்கு விருது கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் லிகாயா இப்போதும் எங்களோடு பாடுகிறாள். யாராவது அந்தப் பிரிவுப் பாட்டைக் கேட்டுச் சீட்டு அனுப்பினால் மேடையை விட்டு இறங்கிவிடுவாள். அவள் வரும்வரை நான் தனியாக டிரம்ஸ் அடித்துக்கொண்டிருப்பேன்.