புதன்கிழமைக்கு ஒரு பட்டை

புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கையில் பட்டை கட்டாதவர்களுக்கு அடுத்த நாள் வழங்கப்படாது என்று காலனிச் சங்கம் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நாச்சிமுத்து அதைப் புதன்கிழமை காலை ஏழு மணிக்குப் படித்தான். பத்து மணி நேரம் இருந்தது. ஒரு பட்டை வாங்க அது போதும் என்று நினைத்தான்.

பட்டை என்றால் ஃபிட்னஸ் பேண்ட். நடக்கிற அடி, நெஞ்சுத் துடிப்பு, தூங்கின நேரம் எல்லாவற்றையும் எண்ணும். காலனியில் மற்ற எல்லாரும் கட்டியாயிற்று. போன மாதம் மூன்றாவது மாடிக்காரர் ஒருவர் கட்டாமல் விட்டுவிட்டார். அவருக்கு வியாழக்கிழமையை நிறுத்திவிட்டார்கள். அவர் புதனிலிருந்து நேராக வெள்ளிக்குப் போனார். அவருடைய பால் பாக்கெட் மட்டும் வியாழன் முழுக்க வாசலில் கிடந்தது.

நாச்சிமுத்து சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் பதினெட்டு வருடம் நைட் ஷிப்ட் பார்த்தவன். இரவு எட்டுக்குப் போனால் காலை எட்டுக்கு வெளியே. நேற்றுக் காலை ஷிப்ட் முடிந்ததும் மேனேஜரிடம் போய், "இனிமே வர்றதில்லைங்க" என்றான்.

"உடம்புக்கு ஏதாவதா?"

"ஒண்ணுமில்லைங்க."

"பின்னே?"

"வீட்டுக்காரிகூட உட்கார்ந்து சாப்பிடணுங்க."

மேனேஜர் படிவத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அப்படி ஒரு காரணம் அதில் இல்லை. 'மற்றவை' என்ற கட்டத்தில் டிக் போட்டார்.

ஆனால் அதுதான் காரணம். அவன் மனைவி துளசிமணி ஒரு பேக்கரியில் ரஸ்க் பாக்கெட் போடுகிறாள். அவன் வீடு வந்து சேர்வதற்குள் அவள் கிளம்பியிருப்பாள். அவள் வருவதற்குள் அவன் போயிருப்பான். வார விடுமுறையும் ஒத்துப்போனதில்லை. அவளை அவன் அறிந்ததெல்லாம் அவள் விட்டுப்போகிற பொருள்களை வைத்துத்தான். ஈரமான சோப்பு. கவிழ்த்து வைத்த ஒரு தட்டு. பாத்திரம் கழுவுகிற தொட்டியில் ஒரு மிளகாய்க் காம்பு. ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் ஒரு துண்டுத்தாள். கேஸுக்குச் சொல்லுங்க. ரசம் மேல்தட்டில். மின்விசிறி சத்தம் போடுது.

இந்த வாரம் பேக்கரியில் அடுப்பு மாற்றுகிறார்கள். அவள் நாலரைக்கே வந்துவிடுவாள். அதனால்தான் இந்த வாரத்தில் வேலையை விட்டான்.

நேற்றுக் காலை ஒன்பது மணிக்குப் படுத்தவன் இன்று காலை ஏழுக்குத்தான் எழுந்தான். இருபத்திரண்டு மணி நேரம். நடுவில் யாரோ காதருகே குனிந்து தேதியைப் பற்றி ஏதோ சொன்ன மாதிரி இருந்தது. சூப்பர்வைசராக இருக்கும் என்று விட்டுவிட்டான். எழுந்து பார்த்தால் துளசிமணி போயிருந்தாள். சமையலறையில் இரண்டு தட்டுகள் கவிழ்ந்திருந்தன. காந்தத்துக்கு அடியில் துண்டுத்தாள் இருந்தது.

'அஞ்சு மணிக்கு வந்துருங்க. நேத்து மாதிரியே சேர்ந்து சாப்பிடலாம்.'

நேற்று அவன் தூங்கிக்கொண்டிருந்தான். அவசரத்தில் எழுதியிருப்பாள் என்று நினைத்தான். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பட்டை வாங்கக் கடைக்குக் கிளம்பினான்.

கடை வாசலில் எதிர் வீட்டு ஆறுக்குட்டி எடைமெஷினாக நின்றுகொண்டிருந்தார். ரயில்வே ஸ்டேஷனில் இருக்குமே, அந்த வகை. வயிற்றில் சிவப்பும் பச்சையுமாகப் பல்புகள் சுற்றிச் சுற்றி எரிந்தன.

"ஏறுங்க மாப்ளே."

"எப்ப இருந்துங்க இது?"

"இன்னைக்குக் காலைல இருந்துதான். பேசக் கூடாது, ஏறுங்க."

ஏறினான். ஆறுக்குட்டி இரண்டு முறை இருமிவிட்டு ஓர் அட்டையைத் துப்பினார். எழுபத்தொரு கிலோ. பின்பக்கம், 'உங்களுக்காக ஒருவர் காத்திருக்கிறார்' என்று இருந்தது.

"எல்லாருக்கும் இதேதான் வருமுங்களா?"

"என்ரகிட்ட ரெண்டு அட்டைதான் இருக்குது. இன்னொண்ணு இதைவிட மோசம்."

உள்ளே கவுண்டர் பத்தடி தூரத்தில் இருந்தது. நாச்சிமுத்து நடந்தான். நாலாயிரம் அடி நடந்த பிறகு கவுண்டர் ஒன்பதடி தூரத்தில் இருந்தது. சுவரில் அடிகளின் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது. வழியில் ஒருவர் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் திங்கட்கிழமை வந்தவராம். நாச்சிமுத்துவுக்குக் கால் வலித்தது. தரையில் உட்கார்ந்தான். கவுண்டர் அவனிடம் வந்தது.

அதன் பின்னால் ஒரு பெண் நின்றாள். சட்டையில் மிருதுளா என்று எழுதியிருந்தது. இரண்டு கைகளிலும் சேர்த்துப் பதினோரு பட்டைகள் கட்டியிருந்தாள். நின்ற இடத்திலேயே கால்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் யாரோடதுங்க?"

"லீவு போட்டவங்களோடது சார். அவங்களுக்கு நான் பதிலி. அவங்க வர்ற வரைக்கும் நான் நடக்கணும்."

நாச்சிமுத்துவுக்கு அது புரிந்தது. மில்லிலும் பதிலிகள் உண்டு. லீவு போட்டவனுடைய இடத்தில் நின்று அவனுடைய இருமலையும் சேர்த்து இருமுவார்கள்.

"உங்க தினசரி வழக்கத்துக்கு எது பொருந்தும்னு பார்த்துத்தான் தருவோம்" என்றாள் மிருதுளா. "ஒரு நாள் உங்களுக்கு எப்படிப் போகும்?"

"தெரியாதுங்க. நான் தூங்கிட்டு இருப்பேன்."

"பிரச்சினையில்ல. கட்டிப் பாருங்க. பொருந்தினா எடுத்துக்கலாம்."

முதலில் ஒரு நீலப் பட்டையைக் கொடுத்தாள். நீச்சல் வகை. கட்டியதும் சட்டை தொப்பலாக நனைந்தது. மூக்கில் தண்ணீர் ஏறியது. கழற்றியதும் காய்ந்துவிட்டது.

அடுத்தது கறுப்பு. அதிகாரி வகை. கட்டியதும் அவனுக்குப் பின்னால் ஏழு பேர் வந்து நின்றார்கள். எதற்காகவோ கையெழுத்துக் கேட்டார்கள். அவர்களில் ஒருவர் மில் மேனேஜர். அவர் நாச்சிமுத்துவை 'சார்' என்றார். நாச்சிமுத்து கூச்சத்தில் கழற்றிவிட்டான்.

மூன்றாவது மஞ்சள். அதைக் கட்டியதும் பக்கத்து அறையில் ஒரு குழந்தை அழுதது.

"யாரோட குழந்தைங்க?"

"உங்களோடதுங்க சார். இது கைக்குழந்தை வகை. தூக்கம் துண்டு துண்டா வரும், அதைக் கூட்டிக் காட்டும்."

"எங்களுக்குக் குழந்தை இல்லைங்க."

"அப்பப் பொருந்தாது."

கழற்றினான். அழுகை நின்றது. அவன் அதை இன்னொரு தடவை கட்டிப் பார்த்தான். கொஞ்ச நேரம் கேட்டான். பிறகு கழற்றிக் கொடுத்தான். மிருதுளா அதைத் துடைத்துப் பெட்டியில் போட்டாள்.

"நேரம் போகுது சார். உங்களுக்கு என்னதான் வேணும்?"

"சாதாரணமா ஒரு நாள் வேணுங்க. எங்க வீட்டுல இருக்குதே, அந்த மாதிரி."

"சொல்லுங்க."

சொன்னான். "அஞ்சரைக்கு எந்திரிக்கணும். பால் காய்ச்சி ஒரு டம்ளர் மட்டும் குடிக்கணும். ஏழு மணி பஸ். ரஸ்க்கு. நாலரைக்கு வீடு. அஞ்சு மணிக்குச் சோறு. தொட்டியில ஒரு மிளகாய்க் காம்பு கிடக்கும். ஏன்னு தெரியலைங்க."

"இது உங்க நாள் இல்லையே."

"என் வீட்டுக்காரியோடதுங்க."

"அதுல நீங்க எங்க வருவீங்க?"

"அஞ்சு மணிக்கு."

மிருதுளா முதல் தடவையாக நடப்பதை நிறுத்தினாள். பதினோரு பட்டைகளும் ஒன்றாக அதிர்ந்தன. மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டு, மேஜைக்கு அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு பட்டையை எடுத்தாள்.

"சாதாரண வகை. யாரும் கேட்கறதில்ல. இந்தப் படிவத்தை நிரப்புங்க. ஒரு நாள்தான் தருவோம், தெரியுமில்ல? தினமும் அதுவே வரும். அதனாலதான் தினசரி வழக்கம்னு பேரு. எந்த நாள் வேணும்?"

"இன்னைக்கு. புதன்."

"தேதியைப் போட்டுக் கையெழுத்துப் போடுங்க. போட்டதுக்கப்புறம் மாத்த முடியாது."

நைட் ஷிப்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்தத் தேதியில் உள்ளே போனாயோ அந்தத் தேதியில்தான் வெளியே வர வேண்டும். நடுராத்திரிக்குப் பிறகு ஓடிய நூலெல்லாம் முந்தின தேதி நூல்தான். காலை எட்டு மணிக்கு வெயிலில் நின்றுகொண்டு ரெஜிஸ்டரில் நேற்றைய தேதியைப் போட்டுக் கையெழுத்துப் போடுவான் நாச்சிமுத்து. பதினெட்டு வருடத்தில் காலைநேரத்தில் அவன் வேறு தேதி எழுதியதே இல்லை.

இப்போதும் காலைநேரம்தான். கை எழுதியது. மிருதுளா சீல் குத்திய பிறகுதான் அவன் அதைப் பார்த்தான்.

"தப்பாப் போட்டுட்டேனுங்க. இது நேத்து."

"சீல் போட்டாச்சு சார். திருத்தணும்னா படிவத்துல இருக்கற நாள்ல நேர்ல வரணும்."

பட்டையை அவளே கட்டிவிட்டாள். கச்சிதமாகப் பொருந்தியது.

வெளியே வந்தான். பின்னால் ஷட்டர் இறங்கியிருந்தது. அதில் 'செவ்வாய் விடுமுறை' என்று எழுதியிருந்தது. ஆறுக்குட்டி மனிதராக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்ளே, கடைக்குங்களா? இன்னைக்கு லீவு."

"தெரியுமுங்க."

"எனக்கும் நாளைக்குத்தான் இங்க டூட்டி. எடைமெஷினு. நின்னு பார்த்துக்கலாம்னு வந்தேன். காலு மரத்துப்போகும்போல."

"ரெண்டு அட்டைதான் குடுப்பாங்க."

"போதுமுங்க" என்றார் ஆறுக்குட்டி. "மனுசனா இருக்கறப்ப அதுகூடக் கிடையாது."

செவ்வாய்க்கிழமை மாலை நாலே முக்கால் மணி. நாச்சிமுத்து வீட்டுக்கு நடந்தான். கதவைத் திறந்தவள் துளசிமணி. தலையில் மாவு படிந்திருந்தது. அவனைப் பார்த்தாள். திரும்பிப் படுக்கையறையைப் பார்த்தாள்.

"மெதுவாப் பேசுங்க மாமா. உள்ளே தூங்கிட்டு இருக்கீங்க."

எட்டிப் பார்த்தான். நாச்சிமுத்து சுவர்ப்பக்கம் திரும்பி, மில் சட்டையைக்கூடக் கழற்றாமல் தூங்கிக்கொண்டிருந்தான். வாய் திறந்திருந்தது. காதுக்குள் பஞ்சு.

"சாப்பிட்டுறலாமா?" என்றாள்.

அரிசிம்பருப்பு சாதம் வைத்திருந்தாள். இரண்டு தட்டு எடுத்தாள். எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவள் வறுத்த மிளகாயை ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டு, கடைசியில் காம்பைப் பிடித்துக்கொண்டு அதைக் கடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. காம்பைத் தட்டில் போட்டாள். நாச்சிமுத்து அதையே பார்த்தான்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. காரமா இல்லையா?"

"காரத்துக்குத்தானே."

கொஞ்ச நேரம் கழித்து அவன் சொன்னான். "துளசி, நாளைக்குக் காலைல நான் கடைக்குப் போவேன். படிவத்துல தேதியைத் தப்பா எழுதிருவேன்."

"அதுக்கு இப்ப என்னங்க?"

"நாளைக்கு அஞ்சு மணிக்கு நான் இங்க இருக்க மாட்டேன். இன்னைக்குத்தான் இருப்பேன். எப்பவும் இன்னைக்குத்தான்."

"இன்னைக்கு இருக்கீங்கல்ல. சாதம் போடட்டுமா?"

"நீ நாளைக்குக் காத்துட்டு இருப்பே."

"இருப்பேன்" என்றாள். அவனுக்கு இன்னொரு கரண்டி வைத்தாள்.

அவன் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டுப் படுக்கையறைக்குப் போனான். துளசிமணி பின்னாலேயே வந்து கையைப் பிடித்தாள்.

"எழுப்பாதீங்க. மூஞ்சியைப் பாருங்க. எத்தனை வருசத் தூக்கம்."

"ஒரு வார்த்தை சொல்லிட்டு விட்டுறேன்."

கட்டிலருகே குனிந்தான். தூங்குகிறவன் மேல் எண்ணெய் வாடையும் பஞ்சு வாடையும் அடித்தது. காதில் இருந்த பஞ்சை எடுத்தான்.

"தேதியைப் பார்த்து எழுது."

"சரிங்க சூப்பர்வைசர்" என்றான் தூங்குகிறவன். புரண்டு படுத்தான்.

உலுக்கி எழுப்பியிருக்கலாம். தோளில் கை வைத்தும்விட்டான். மணிக்கட்டில் பட்டை அதிர்ந்தது. 'ஆழ்ந்த தூக்கம். எட்டு மணி நேரம். குறையில்லை.' அவன் அந்த ஆளைப் பார்த்தான். நல்ல ஆள் என்று சொல்ல முடியாது. ஆனால் களைத்துப்போன ஆள். நாச்சிமுத்துவுக்கும் களைப்பாக இருந்தது. பஞ்சைத் திரும்ப அவன் காதிலேயே வைத்துவிட்டுக் கையை எடுத்தான்.

சமையலறையில் இரண்டு தட்டுகளையும் அவனே கழுவினான். மிளகாய்க் காம்பு தொட்டியில் விழுந்தது. அதை எடுக்காமல் விட்டான். தட்டுகளைப் பக்கத்துப் பக்கத்தில் கவிழ்த்தான்.

துளசிமணி துண்டுத்தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். அவன் எட்டிப் பார்க்கவில்லை. என்ன எழுதுகிறாள் என்பது அவனுக்குத் தெரியும். தாள் அவன் சட்டைப் பையில் இருந்தது.

"நாளைக்கும் வந்துருவீங்கல்ல?"

"வந்துருவேன்."

அவள் தாளை ஃபிரிட்ஜ் கதவில் வைத்து அழுத்தினாள். காந்தம் வழுக்கிக் கீழே விழுந்து மேஜைக்கு அடியில் உருண்டது. நாச்சிமுத்து முட்டி போட்டுத் துழாவி எடுத்தான். ஊதித் தூசி தட்டினான். அவளிடம் கொடுத்தான்.