பதினேழாயிரம் ஹெர்ட்ஸ்

"நாலுமே தனித்தனியா பாஸ் ஆயிடுச்சே, அப்புறம் என்ன வம்பு உனக்கு?"

"தனித்தனியா தங்கம்தான் சித்தப்பா. நாலையும் கோத்து ஒரு தடவையாவது பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. அவருடைய பட்டறையில் யாரும் பார்ப்பதில்லை. ஒலியைப் படிப்படியாகப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரின் நாலு ஸ்டேஜையும் தனித்தனியாகச் சோதித்துப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். பிறகு ஒன்றின் வாலை அடுத்ததன் வாயில் கொடுத்துப் பெட்டியை மூடுவார்கள். எத்தனை ஹெர்ட்ஸ் வரை பெருக்கும் என்று ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணே சான்றிதழுக்கும் போகும். பேச்சையும் பாட்டையும் பெருக்கிய வரைக்கும் அதனால் ஒரு குறையும் வரவில்லை. இந்தப் பெட்டி வேறு. எரிவாயுக் குழாயில் ஊசிமுனைக் கசிவு வந்தால், காதுக்கு எட்டாத நாற்பதாயிரம் ஹெர்ட்ஸில் சீறும். அதைப் பிடிக்கத்தான் இது.

சோதனை மேசை அண்ணன் மகளான அவளுடையது. சான்றிதழில் போகும் கையெழுத்தும் அவளுடையது.

"ஒரு ஸ்டேஜுக்குப் பத்து மடங்கு. நாலுக்குப் பத்தாயிரம். கேட்டதைக் குடுத்தாச்சு" என்றார் சித்தப்பா.

"அது கீழ, பேச்சு பாட்டு அளவுல. நாப்பதாயிரத்துல ஒவ்வொண்ணும் ஏழு மடங்குதான் தருது. அதையும் பாஸ்னுதான் ஒட்டுறோம். நாலு ஏழையும் ஒண்ணோட ஒண்ணு பெருக்கிப் பாருங்க, ரெண்டாயிரத்து நானூறு. பத்தாயிரம் எங்க, இது எங்க?"

"வாங்குற கேஸ் கம்பெனியில கசிவு தேட வேற ஆளே இல்லையா? நம்ம பெட்டி ஒண்ணுதானா?"

"நம்ம பெட்டி சும்மா இருந்தா, கசிவே இல்லைன்னு நம்பி வெல்டரை உள்ள விடுவாங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாசலில், பெட்டியை ஏற்றிப்போக வந்த வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

"நீ கையெழுத்துப் போடலைன்னா உன் தம்பி போட்டுட்டுப் போறான்."

"போடட்டும். அப்ப மேசையும் அவனுக்கே. நான் இப்பவே கிளம்பறேன்."

சித்தப்பா தம்பியைக் கூப்பிடவில்லை. அவளையும் போகச் சொல்லவில்லை.

காலையில் நாலையும் சேர்த்து அவள் அளந்திருந்தாள். பதினேழாயிரத்திலேயே மொத்தப் பெருக்கம் பத்தாயிரத்திலிருந்து ஏழாயிரமாக இறங்கிவிட்டது. அச்சடித்த சான்றிதழை இழுத்து, நாற்பதாயிரத்தின் மேல் கோடு கிழித்தாள். பக்கத்தில் பதினேழாயிரம் என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள். இதைப் பார்த்தால் பெட்டியை கேஸ் கம்பெனிக்காரர்கள் வாங்க மாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும்.

தாளை அவர் பக்கம் நகர்த்தி, பேனாவை அதன் மேல் வைத்தாள்.

"திருத்தின இடத்துல முதலாளி கையெழுத்தும் வேணும். போடுங்க சித்தப்பா."