சூடம் அணைக்காதவள்

மூலக்குளத்து மாரியம்மன் கோயில் வாசலில், தாம்பாளத்தில் புதுச் சூடத்தைக் கொளுத்தி வைத்துவிட்டு, "அடுத்து குஞ்சம்மா" என்றார் ராமலிங்கம். அந்தத் தெருவுக்கு நியாயம் சொல்கிறவர் அவர்தான். கட்சிக்கரை வேட்டி, சட்டைப் பையில் செல்போன். குஞ்சம்மாள் நகரவில்லை. சிமெண்டு தின்ற கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

ஆதிமூலம் கட்டுகிற மாடி வீட்டில் தண்ணீர் மோட்டாரைக் காணோம். ஆதிமூலம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்த சொல்தா. பென்ஷன் அங்கேயிருந்து வருகிறது, வீடு இங்கே எழும்புகிறது. போலீசுக்குப் போனால் கூலிக்காரர்களுக்கு எலும்பு மிஞ்சாது, பாவமென்றுதான் கோயிலோடு முடித்துக்கொள்வதாகச் சொன்னார். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அறைந்து அணைத்து, நான் எடுக்கவில்லை என்று சொல்ல வேண்டும். பொய் சொன்னவன் குடும்பத்தை ஆத்தா பார்த்துக்கொள்வாள். கை வைக்க மறுத்தால் திருட்டுப் பட்டம், அப்புறம் புதுச்சேரியில் எந்த மேஸ்திரியும் வேலைக்குக் கூப்பிடமாட்டான். கொத்தனார் அணைத்தார். கலவை போடுகிற பெரியாள் அணைத்தான். மேஸ்திரி தணிகாசலமும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கொசு அடிப்பதுபோல் ஒரே அறையில் அணைத்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

தணிகாசலத்தின் அந்தக் கையையே குஞ்சம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்றுச் சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, பாண்டு சட்டிகளையும் கரணைகளையும் கழுவிக்கொண்டிருந்தாள். சித்தாளுக்கு அது கடைசி வேலை, கூலியில் சேராத வேலை. அப்போது இவன்தான் மோட்டாரைச் சிமெண்டுச் சாக்கில் சுற்றி வண்டியில் கட்டினான். "ரிப்பேருக்கு" என்றான். நம்பினாள். காலையில் ஆதிமூலம் கத்தியபோது அவரைவிட உரக்கக் கத்தியவனும் இவன்தான்: "சட்டி கழுவுறேன்னு கடைசியா நின்னது யாரு? அவள கேளுங்க!"

பார்த்ததை அவள் அப்போதே சொன்னாள். "அதையும் சூடத்த அணச்சிட்டே சொல்லு. அவன் அணச்சிட்டான் இல்ல?" என்றுவிட்டார் ராமலிங்கம்.

அணைத்திருப்பாள். ஆனால் வீட்டில் மகள் மேனகாவுக்கு ஏழாம் மாதம். முன்னால் இரண்டும் தங்காமல் போனவை. வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில், மெய்யோ பொய்யோ, யாரும் சூடம் அணைக்கக் கூடாது என்பது அவள் சனத்தின் கட்டு. கொடியில் காய்ந்த துணியைக் கையுயர்த்தி எடுக்கக்கூட மகளை விடாமல் காத்துவருகிறவள், தன் கையாலேயே சுடரை அணைப்பாளா?

"எம்பொண்ணு மாசமா கீறா சாமி. அவ பெத்து எழுந்திரிக்கட்டும், ஒண்ணுக்குப் பத்தா அணைக்கிறேன்."

"எடுக்காதவளுக்கு இன்னாத்துக்குப் பயம்?" என்றாள் ஆதிமூலத்தின் மனைவி நிர்மலாதேவி, குடைக்கு அடியிலிருந்து.

"நல்லா சாக்கு வெச்சிருக்கா பாரு" என்று சிரித்தான் தணிகாசலம். "ஏம்மே, மோட்டார வித்துத்தான் வளகாப்பா?"

கூட நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். ஐந்து வருஷமாக அவளோடு ஒரே குடத்தில் தண்ணீர் குடித்த பெரியாள் தரையைப் பார்த்தான். குஞ்சம்மாள் சூடத்தைப் பார்த்தாள். யார் கையையும் அது சுடவில்லை. பொய்யன் கையையும் சுடவில்லை. பயப்படுகிறவளை மட்டும்தான் பிடிக்கும் போலிருக்கிறது இந்த நியாயம். சாமிக்குப் பயந்தவள் திருடி, பயப்படாதவன் யோக்கியன்.

"வீட்டுக்காரரு அணைக்கலியே? அந்தம்மா அணைக்கலியே?" என்றாள்.

"என் மோட்டார நானே திருடுவனா?" ஆதிமூலம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"சாமிக்கு முன்னால நாங்க மட்டுந்தான் திருடனுங்களா, அதான் கேக்குறேன். கை வெக்கமாட்டேன். ஸ்டேசனுக்குப் போறேன். சாக்குல கட்டி எடுத்தும்போனவன் பேர அங்க சொல்றேன். ஒதைக்கட்டும்."

"புத்தி கெட்டுப் போச்சா உனுக்கு?" என்றார் ராமலிங்கம்.

ஸ்டேசன் என்னவென்று அவளுக்குத் தெரியாதா. சைக்கிள் காணோமென்று அங்கே இழுத்துப் போன தம்பி காத்தவராயன் இன்றைக்கும் ஒரு காலை விந்தித்தான் நடக்கிறான், சைக்கிளை எடுத்தவன் வேறு ஆள் என்று தெரிந்த பிறகும். அதை நினைத்துக்கொண்டேதான் நடந்தாள். வில்லியனூர் ரோட்டுக்கு வந்ததும் கத்திரி வெயில் முகத்தில் அறைந்தது. டெம்போக்காரன் ஒருவன் நிறுத்தி, ஏறுகிறாயா என்று கேட்டான். கையை ஆட்டிவிட்டு நடந்தாள்.

பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம்.

"அக்கா! அக்கா, நில்லுக்கா!"

இத்தனை வருஷத்தில் தணிகாசலம் அவளை அக்கா என்று கூப்பிட்டதில்லை.

"ரிப்பேர் கடையிலதான் கீது, இப்பவே எடுத்தாந்துடறேன். ஸ்டேசனெல்லாம் இன்னாத்துக்குக்கா? எனுக்கும் புள்ளைங்க கீது..."

அவள் திரும்பிப் பார்த்தாள், நிற்கவில்லை. செருப்பை மாட்டக்கூட மறந்து ஓடி வந்திருந்தான். உருகிக் கிடந்த தாரில் ஒரு காலை வைப்பதும் எடுப்பதும் மற்றதை வைப்பதுமாக, கூத்தாடியைப் போல் குதித்துக்கொண்டே அவள் பின்னால் வந்தான்.